இசைக்குழு பேசும் இத்தாலி மொழி

மேடையில் தொண்ணூறு பேர் அமர்ந்திருக்கிறார்கள். ஒருவர் ஜப்பானிலிருந்து வந்த வயலின் கலைஞர். அடுத்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த புல்லாங்குழல் கலைஞர். டிரம்பெட் வாசிப்பவரின் தாய்மொழி போர்த்துகீசியம். இவர்களில் பலருக்கு அருகில் இருப்பவரின் மொழி தெரியாது. ஆயினும் தம் முன்னே உள்ள தாளில் ஒரு சொல்லைக் கண்டதும் தொண்ணூறு பேரும் ஒரே நேரத்தில் ஒலியைக் குறைக்கிறார்கள். வேறொரு சொல்லைக் கண்டதும் வயலின்காரர்கள் வில்லை விலக்கிவிட்டு விரலால் தந்தியைச் சுண்டுகிறார்கள்.

அந்தச் சொற்கள் எல்லாம் இத்தாலி மொழிச் சொற்கள். ஜெர்மானியரான பீத்தோவன் எழுதினாலும், ரஷ்யரான சைக்கோவ்ஸ்கி எழுதினாலும், வேகத்தையும் ஒலியளவையும் வாசிக்கும் முறையையும் பெரும்பாலும் இத்தாலி மொழியிலேயே குறித்தார்கள். இது ஏன்? அச்சொற்களுக்கு என்ன பொருள்? ஒரு சொல்லைக் கொண்டு வேகத்தை அளந்து சொல்ல முடியுமா? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

இத்தாலிக்கு வந்த பெருமை

ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பிய இசையில் இத்தாலியின் கை ஓங்கத் தொடங்கியது. 1501-இல் வெனிஸ் நகரில் ஒத்தாவியானோ பெத்ரூச்சி என்பவர் நகரும் அச்சைக் கொண்டு பல குரல் இசை நூலை அச்சிட்டார். அதே நூற்றாண்டில் கிரெமோனா என்ற சிற்றூரில் அமாத்தி குடும்பத்தார் வயலின் செய்யும் கலையை வளர்த்தார்கள். புகழ் பெற்ற ஸ்ட்ராடிவாரியும் அவ்வூர்க்காரரே. 1600-ஆம் ஆண்டை ஒட்டி ஃபிளாரன்ஸ் நகரில் ஆபெரா என்னும் இசை நாடகம் பிறந்தது. 1700-ஐ ஒட்டி அதே நகரில் பார்த்தொலொமேயோ கிறிஸ்டோஃபொரி பியானோவைக் கண்டுபிடித்தார்.

இசைக் கருவிகளும் இசை நாடகங்களும் அச்சிட்ட நூல்களும் இத்தாலியிலிருந்து போயின. கூடவே இசைக் கலைஞர்களும் போனார்கள். வியன்னா, இலண்டன், பாரிஸ், செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் ஆகிய நகரங்களின் அரண்மனைகளில் இத்தாலியர்கள் வேலைக்கு அமர்ந்தார்கள். ஆசிரியர் எந்த மொழியில் கற்பிக்கிறாரோ அந்த மொழியின் சொற்கள் மாணவனிடம் தங்கிவிடுவது இயல்புதானே!

ஒலியளவைத் தாளில் எழுதிய முன்னோடிகளுள் ஒருவர் ஜொவான்னி கப்ரியேலி. வெனிஸின் புனித மார்க்கு தேவாலயத்தில் பணியாற்றியவர் இவர். 1597-இல் வெளியான இவருடைய ஓர் இசைப் படைப்பின் பெயரிலேயே ‘பியான்’, ‘ஃபோர்ட்டே’ என்ற இரண்டு சொற்களும் இடம் பெற்றன. எதிரெதிரே அமைந்த இரண்டு குழுக்களுள் ஒரு குழு மட்டும் வாசிக்கும்போது மெல்லிய ஒலி. இரண்டும் சேரும்போது பேரொலி.

மெல்லவும் வலுவாகவும்

பியானோ என்றால் ‘மெல்ல’ என்று பொருள். ஃபோர்ட்டே என்றால் ‘வலுவாக’. கிறிஸ்டோஃபொரி செய்த கருவியில், விசையை மெல்ல அழுத்தினால் மெல்லிய ஒலியும் வேகமாக அழுத்தினால் உரத்த ஒலியும் எழுந்தன. அதற்கு முன் இருந்த ஹார்ப்சிகார்டில் இவ்வாறு செய்ய இயலாது. ஆகவே அக்கருவியை ‘மெல்லவும் வலுவாகவும் ஒலிப்பது’ என்னும் பொருளில் அழைத்தார்கள். காலப்போக்கில் பெயரின் பின்பாதி தேய்ந்து போய், பியானோ என்று மட்டும் நின்றுவிட்டது. உரத்து முழங்கும் அந்தப் பெரிய கருவியின் பெயருக்கு ‘மெல்ல’ என்று பொருள் என்பது வேடிக்கை அல்லவா?

இசைத்தாளில் இச்சொற்களின் முதலெழுத்துகளை மட்டும் எழுதுவார்கள். பியானோவுக்கு ‘பி’. அது இரண்டு முறை வந்தால் பியானிஸ்ஸிமோ, அதாவது ‘மிக மெல்ல’. ஃபோர்ட்டேக்கு ‘எஃப்’, இரண்டு முறை வந்தால் ஃபோர்ட்டிஸ்ஸிமோ. ‘மெட்ஸோ’ என்றால் பாதி. மெட்ஸோ ஃபோர்ட்டே என்றால் ‘ஓரளவு வலுவாக’.

இந்த இரண்டு எழுத்துகளைக் கொண்டு எத்தகைய விளையாட்டைச் செய்யலாம் என்பதை ஆஸ்திரிய இசைமேதை ஹைடன் காட்டினார். 1792-இல் இலண்டனில் அரங்கேறிய அவருடைய 94-ஆம் சிம்பொனியின் இரண்டாம் பகுதி, குழந்தைப் பாட்டுப் போன்ற ஒரு மெட்டுடன் பியானோவில் தொடங்குகிறது. அதே மெட்டு மறுமுறை பியானிஸ்ஸிமோவில் வருகிறது. கேட்பவர்கள் காதைத் தீட்டிக்கொள்கிறார்கள். அப்போது திடீரென்று குழு முழுவதும் முரசுடன் சேர்ந்து ஃபோர்ட்டிஸ்ஸிமோவில் ஒரே ஓர் அடி! இந்தச் சிம்பொனிக்கு ‘வியப்பு’ என்றே பெயர் வந்துவிட்டது.

சைக்கோவ்ஸ்கி இன்னும் துணிந்தார். 1893-இல் அரங்கேறிய அவருடைய ஆறாம் சிம்பொனியின் முதற்பகுதியில் பஸ்ஸூன் என்னும் குழலுக்கு ‘பி’ என்ற எழுத்தை ஆறு முறை எழுதினார். கேட்டும் கேளாததுமாக வாசிக்க வேண்டும் என்பது கருத்து. இங்கே இயற்பியல் குறுக்கிடுகிறது. பஸ்ஸூனில் ஒலியை எழுப்புவது நாணலால் ஆன இரட்டை நாக்கு. ஊதும் காற்றின் அழுத்தம் ஓர் எல்லைக்குக் கீழே குறைந்தால் அந்த நாக்கு அதிர்வதே இல்லை. எனவே அந்தச் சில சுரங்களை மட்டும், இன்னும் மெல்ல ஒலிக்கக்கூடிய பேஸ் கிளாரினெட்டிடம் கொடுத்துவிடும் இசை நடத்துநர்கள் பலர் உண்டு.

ஃபோர்ட்டே எத்தனை டெசிபெல்?

ஒலியின் அளவை நாம் டெசிபெல்லில் சொல்கிறோம். அப்படியானால் ஃபோர்ட்டே என்பது எத்தனை டெசிபெல்? இக்கேள்விக்கு விடை இல்லை. பியானோ, ஃபோர்ட்டே என்பவை அறுதியான அளவுகள் அல்ல, ஒப்பீட்டுச் சொற்கள். புல்லாங்குழலின் தாழ்ந்த சுரங்களில் எழும் ஃபோர்ட்டேயை டிரம்பெட் எளிதில் மூழ்கடித்துவிடும்.

இன்னொரு செய்தியையும் கவனியுங்கள். ஒரு வயலினுக்குப் பதில் பத்து வயலின்கள் ஒரே சுரத்தை வாசித்தால் ஒலி பத்து மடங்காகக் கேட்கும் என்று நினைப்போம். அப்படிக் கேட்பதில்லை. ஒலியாற்றல் பத்து மடங்கானால் டெசிபெல் கணக்கில் உயர்வது 10 மட்டுமே. நம் செவிக்கு அது ஏறத்தாழ இரண்டு மடங்காகத்தான் தோன்றும். பதினாறு வயலின்கள் சேர்ந்தும் பியானிஸ்ஸிமோ வாசிக்க முடிவது இதனால்தான்.

சரி, ஃபோர்ட்டேயில் வாசித்த டிரம்பெட்டைப் பதிவு செய்து, ஒலிபெருக்கியின் திருகைக் குறைத்துக் கேட்டால் அது பியானோ ஆகிவிடுமா? ஆகாது. தூரத்தில் வாசிக்கும் ஃபோர்ட்டேயாகவே அது நமக்குத் தோன்றும். டிரம்பெட்டை வலுவாக ஊதும்போது அடிப்படைச் சுரத்துடன் எழும் மேற்சுரங்கள் வலுப்பெறுகின்றன, ஒலி பளபளப்படைகிறது. மெல்ல ஊதும்போது அவை அடங்கி, ஒலி மழுங்குகிறது. ஆகவே ஃபோர்ட்டே என்ற சொல் ஒலியின் அளவோடு அதன் தன்மையையும் சேர்த்தே சொல்கிறது.

மெல்லிய ஒலியிலிருந்து படிப்படியாக வளர்வது கிரெஷெண்டோ. ‘வளர்ந்துகொண்டே’ என்பது இதன் பொருள். பிறைச் சந்திரனுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் கிரெசென்ட் என்ற பெயரும் இதே வேரிலிருந்து வந்ததுதான். நாமும் வளர்பிறை என்று சொல்கிறோம் அல்லவா? கிரெஷெண்டோவை உச்சநிலை என்று பலர் தவறாகப் பொருள் கொள்கிறார்கள். அது உச்சி அன்று. உச்சிக்கு ஏறும் வழி. பிரெஞ்சு இசைமேதை ரவேல் 1928-இல் எழுதிய ‘பொலேரோ’ சுமார் 15 நிமிடம் நீளும் ஒரே ஏற்றம். ஒரு சிறிய முரசின் மாறாத தாளத்தின் மேல் கருவிகள் ஒவ்வொன்றாக வந்து சேர, ஒலி பெருகிக்கொண்டே போகும்.

வில்லும் விரலும்

மேலை நாட்டு இசைக்குழுவில் உள்ள வயலின், நம் கர்நாடக இசைக் கச்சேரியில் நீங்கள் பார்க்கும் அதே வயலின்தான். இதை வாசிக்கும் முறைகளுக்கும் இத்தாலிச் சொற்கள் உண்டு.

பிட்சிக்காட்டோ என்றால் ‘கிள்ளி’. வில் வேண்டாம், விரலால் சுண்டுக என்பது கட்டளை. ஆர்க்கோ என்றால் வில். மீண்டும் வில்லை எடுத்துக்கொள் என்று பொருள். வில்லைக் கீழே வைத்துவிட்டு விரலால் சுண்டுமாறு 1624-இலேயே மொன்டெவெர்டி ஒரு படைப்பில் குறித்தார். இரண்டு வீரர்களின் வாட்போரைச் சொல்லும் படைப்பு அது. சைக்கோவ்ஸ்கியின் நான்காம் சிம்பொனியின் மூன்றாம் பகுதியில், தந்திக் கருவிகள் அனைத்தும் தொடக்கம் முதல் முடிவு வரை வில்லைத் தொடுவதே இல்லை.

இரண்டு முறைகளுக்கும் என்ன வேறுபாடு? சுண்டும்போது தந்திக்கு ஒரே ஒரு முறைதான் ஆற்றல் கிடைக்கிறது. அது விரைவில் செலவாகி, ஒலி அடங்கிவிடுகிறது. வில்லால் இழுக்கும்போது, ரோசின் என்னும் பிசின் பூசிய குதிரைமயிர் தந்தியைப் பற்றி இழுக்கிறது. ஒரு நிலையில் தந்தி நழுவி விடுபடுகிறது. மயிர் மீண்டும் பற்றுகிறது. இந்தப் பற்றுதலும் நழுவுதலும் ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான முறை நடக்கின்றன. ஆற்றல் இடைவிடாமல் கிடைப்பதால் ஒலி நீடிக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிவியலறிஞர் இதை ஆராய்ந்து விளக்கினார்.

சுல் பொந்திசெல்லோ என்றால் ‘குதிரையின் மேல்’. தந்திகளைத் தாங்கி நிற்கும் மரப் பாலத்தைத்தான் நம் வித்துவான்கள் குதிரை என்கிறார்கள். அதற்கு மிக அருகில் வில்லை இழுத்தால் மேற்சுரங்கள் மிகுந்து, கண்ணாடியைக் கீறுவது போன்ற அச்சமூட்டும் ஒலி எழும். சுல் தாஸ்தோ இதற்கு நேர்மாறானது. விரற்பலகையின் மேல் வில்லை இழுத்தால் மேற்சுரங்கள் குறைந்து ஒலி மென்மையாகும்.

கொன் சொர்தினோ என்றால் ‘ஒலியடக்கியுடன்’. சிறிய மரத்துண்டு ஒன்றையோ ரப்பர்த் துண்டு ஒன்றையோ குதிரையின் மேல் செருகிவிடுவார்கள். குதிரையின் நிறை கூடுவதால், விரைவான அதிர்வுகள் மரப்பெட்டிக்குச் சென்று சேர்வது குறைகிறது. கொல் லென்யோ என்றால் ‘மரத்தால்’. வில்லைத் திருப்பி அதன் மரத்தண்டால் தந்தியைத் தட்ட வேண்டும். ஆங்கில இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட் எழுதிய ‘கோள்கள்’ என்னும் படைப்பில் செவ்வாய்க் கிரகத்துக்குரிய பகுதி இந்தத் தட்டலுடன்தான் தொடங்குகிறது. போர்ப்படை நெருங்கி வருவது போல் இருக்கும்.

நடப்பது எவ்வளவு வேகம்?

இனி வேகத்துக்கு வருவோம். இங்குதான் பெரிய சிக்கல் தோன்றியது.

லார்கோ என்றால் ‘அகலமாக’. அதாஜியோ என்றால் ‘சாவகாசமாக’. அந்தாந்தே என்றால் ‘நடந்துகொண்டு’. மொதராட்டோ என்றால் ‘மிதமாக’. அல்லேக்ரோ என்றால் ‘மகிழ்ச்சியாக’. பிரெஸ்டோ என்றால் ‘விரைவாக’. இவற்றுடன் வேறு சில சிறு சொற்களையும் சேர்ப்பார்கள். மோல்ட்டோ என்றால் ‘மிக’. போக்கோ என்றால் ‘சற்று’. மா நொன் த்ரொப்போ என்றால் ‘ஆனால் அளவு மீறாமல்’.

பார்த்தீர்களா, இவற்றுள் சில சொற்கள் வேகத்தையே குறிப்பிடவில்லை! அல்லேக்ரோ மனநிலையைச் சொல்கிறது. அந்தாந்தே ஒரு செயலைச் சொல்கிறது. நடப்பது எவ்வளவு வேகம்? தாத்தாவின் நடையா, பள்ளி மணி அடித்த பிறகு ஓடிவரும் மாணவனின் நடையா? இன்னும் குழப்பம் தருவது அந்தாந்தினோ. ‘சிறிய அந்தாந்தே’ என்பது இதன் பொருள். அந்தாந்தேயைவிட வேகமா, மெதுவா? 1813-இல் பீத்தோவனே எடின்பரோவில் இருந்த தம் பதிப்பாளர் ஜார்ஜ் தாம்சனுக்கு எழுதிய கடிதத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டார் என்றால் நிலைமை உங்களுக்குப் புரியும்.

சொல் போதாது, எண் வேண்டும். எண்ணைத் தருவதற்கு ஊசல் இருந்தது. ஊசலின் அலைவு நேரம் அதன் நீளத்தைப் பொறுத்தது என்று கண்ட கலீலியோ, இசைவாணர் ஒருவரின் மகன். அவருடைய தந்தை வின்சென்சோ லூட் என்னும் தந்திக் கருவியை வாசித்தவர். 1696-இல் பிரான்சில் லூலியே என்பவர் இசையின் வேகத்தைக் குறிக்க ஓர் ஊசற்கருவியை விவரித்தார். அதன் உயரம் ஏறத்தாழ ஆறடி! மெதுவான இசைக்கு நீண்ட ஊசல் வேண்டும். நிமிடத்துக்கு 40 அடிகள் தட்ட வேண்டுமானால் ஊசலின் நீளம் 2.2 மீட்டருக்கு மேல் போய்விடும். இதை யார் தூக்கிச் செல்வது?

இந்தச் சிக்கலை 1814-இல் ஆம்ஸ்டர்டாமில் வின்கெல் என்பவர் தீர்த்தார். தண்டின் நடுப்பகுதியைத் தாங்கி, கீழே ஒரு கனமான குண்டையும் மேலே நகரக்கூடிய ஒரு சிறு எடையையும் பொருத்தினார். கீழ்க்குண்டு தண்டை நடுநிலைக்கு இழுக்கிறது. மேல் எடையோ அந்த இழுப்பை எதிர்க்கிறது. மேல் எடையை உயர்த்த உயர்த்த, அலைவு மெதுவாகிறது. இதனால் கையடக்கமான கருவியே மிக மெதுவான அடிகளையும் தட்டியது. மெல்ட்ஸல் என்பவர் இதில் எண் அளவுகோலைச் சேர்த்து 1815-இல் தம் பெயரில் காப்புரிமை பெற்றுவிட்டார். மெட்ரோனோம் என்ற அக்கருவியோடு இன்றும் வழங்குவது அவர் பெயர்தான்.

நீங்களே செய்து பாருங்கள்

நூலின் நுனியில் ஒரு சிறு கல்லையோ இரும்பு நட்டையோ கட்டித் தொங்கவிடுங்கள். தொங்கும் புள்ளியிலிருந்து கல்லின் நடுப்பகுதி வரை நீளத்தை அளந்துகொள்ளுங்கள். சிறிதளவே இழுத்துவிட்டு, கல் இரு பக்கக் கோடிகளில் எதைத் தொட்டாலும் ஒவ்வொரு முறையும் கைதட்டுங்கள்.

லார்கோ (நிமிடத்துக்கு 50 அடி): 143 செ.மீ.
அதாஜியோ (72 அடி): 69 செ.மீ.
அந்தாந்தே (92 அடி): 42 செ.மீ.
அல்லேக்ரோ (132 அடி): 20.5 செ.மீ.
பிரெஸ்டோ (184 அடி): 10.5 செ.மீ.

மெட்ரோனோம்களில் பொதுவாக அச்சிட்டிருக்கும் எல்லைகளுக்குள் அடங்கும் எண்கள் இவை. அந்தாந்தேக்கு 76 முதல் 108 வரை, அல்லேக்ரோவுக்கு 120 முதல் 168 வரை என்று அவற்றில் காணலாம். வேகத்தை இரண்டு மடங்காக்க நூலை நான்கில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். 60 அடிக்கு 99 செ.மீ. என்றால் 120 அடிக்குச் சுமார் 25 செ.மீ. போதும். இதையும் சோதித்துப் பாருங்கள்.

எண் வந்தது; வழக்கும் வந்தது

மெட்ரோனோமை மகிழ்ச்சியுடன் வரவேற்றவர்களுள் பீத்தோவன் முக்கியமானவர். 1817-இல் தம் எட்டுச் சிம்பொனிகளுக்கும் வேக எண்களை வெளியிட்டார். ஐந்தாம் சிம்பொனியின் முதற்பகுதிக்கு அல்லேக்ரோ கொன் பிரியோ, அதாவது ‘துடிப்புடன் கூடிய அல்லேக்ரோ’ என்று முன்பே எழுதியிருந்தார். இப்போது நிமிடத்துக்கு 108 அடி என்ற எண்ணும் சேர்ந்தது. இனி ஐயத்துக்கு இடமேது?

ஆனால் நடந்தது வேறு. அவர் கொடுத்த எண்களுள் பல, வாசிப்பவர்களுக்கு மிகையான வேகமாகத் தோன்றின. கருவி பழுதாகியிருக்கும் என்றனர் சிலர். காது கேளாத நிலையில் மனத்துக்குள் கேட்ட வேகம் அது என்றனர் வேறு சிலர். எண்களை அப்படியே பின்பற்றி விறுவிறுப்பாக வாசித்துக் காட்டியவர்களும் உண்டு. இருநூறு ஆண்டுகளாக இந்த வழக்கு நடக்கிறது.

2020-இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் இருவர் ஒரு புதிய விளக்கத்தைக் கூறினார்கள். பற்பல இசை நடத்துநர்களின் பதிவுகளைக் கணினியால் அளந்தபோது, அவர்கள் பீத்தோவனின் எண்களைவிட மெதுவாகவே வாசிப்பது தெரிந்தது. அந்தக் குறைவு, மெட்ரோனோமின் நகரும் எடைக்கு மேல் விளிம்பில் படிப்பதற்குப் பதில் கீழ் விளிம்பில் படித்தால் வரும் வேறுபாட்டுக்கு ஒத்திருந்தது. அவ்வேறுபாடு சுமார் 12 அடிகள். ஒன்பதாம் சிம்பொனியின் கைப்பிரதியில் பீத்தோவன் ஓரிடத்தில் ‘108 அல்லது 120’ என்று இரண்டு எண்களைக் குறித்திருக்கிறார். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடும் 12 தான்! புதிய கருவியை எந்த விளிம்பில் படிப்பது என்று அவருக்கே குழப்பம் இருந்திருக்கலாம் என்பது இவர்கள் கருத்து. இது முடிந்த முடிவு அன்று. ஆயினும் சிந்திக்கத் தக்கது. ஆய்வுக்கூடத்தில் அளவுகோலைப் படிக்கும்போது கண்ணை எங்கே வைக்க வேண்டும் என்று ஆசிரியர் வற்புறுத்துவது ஏன் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

சொல் தோற்றதா?

எண் வந்த பிறகு சொற்கள் மறைந்துபோகவில்லை. தத்தம் மொழியில் எழுதிப் பார்த்தவர்களும் உண்டு. ஷூமானும் மாலரும் ஜெர்மன் மொழியில் எழுதினார்கள். தெபுஸ்ஸி பிரெஞ்சு மொழியில் எழுதினார். பெர்சி கிரேஞ்சர் கிரெஷெண்டோவுக்குப் பதில் ஆங்கிலச் சொல்லை எழுதினார். ஆயினும் உலக இசைக்குழுக்களின் பொதுமொழியாக இத்தாலிச் சொற்கள் நிலைத்துவிட்டன.

இதற்குக் காரணம் உண்டு. எண்ணால் சொல்ல முடியாதவற்றைச் சொல் சொல்கிறது. ரூபாத்தோ என்றால் ‘திருடப்பட்டது’. ஓரிடத்தில் காலத்தைச் சிறிது திருடி வேறோரிடத்தில் கொடுப்பது அது. எந்த ஊசலும் அதைத் தட்டிக் காட்டாது. ஃபெர்மாத்தா என்றால் ‘நிறுத்தம்’. இத்தாலியில் பேருந்து நிறுத்தத்துக்கும் இதே பெயர்தான். அக்குறி உள்ள சுரத்தில் எவ்வளவு நேரம் நிற்பது என்பதை நடத்துநரின் கை முடிவு செய்கிறது. ஐந்தாம் சிம்பொனியில் எல்லோருக்கும் தெரிந்த அந்த நான்கு சுரங்களுள் நான்காவதன் மேல் இருப்பது இந்தக் குறிதான். 108 என்ற எண் அங்கே வாய்மூடி நிற்கிறது.

பீத்தோவனும் இதை உணர்ந்திருந்தார். அல்லேக்ரோ போன்ற சொற்களைவிட எண்ணே மேல் என்று 1817-இல் ஒரு கடிதத்தில் எழுதியவர், இசையின் குணத்தைச் சொல்லும் சொற்களை மட்டும் கைவிட முடியாது என்றும் சேர்த்து எழுதினார். வேகம் உடல் என்றால் குணம் உயிர் என்பது அவர் கருத்து.

அடுத்த முறை ஒரு சிம்பொனியைக் கேட்கும்போது, பகுதிகளின் பெயர்களை முதலில் படியுங்கள். அல்லேக்ரோ, அந்தாந்தே என்று இருக்கும். கடிகாரத்தைப் பார்த்து நிமிடத்துக்கு எத்தனை அடிகள் என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே பகுதியை வேறொரு குழு வாசித்த பதிவைத் தேடி, அதையும் எண்ணுங்கள். இரண்டு எண்களும் வேறுபடும். எது சரி என்று உங்கள் நண்பர்களுடன் வாதிடுங்கள். இருநூறு ஆண்டு வழக்கில் நீங்களும் ஒரு கட்சிக்காரர் ஆகிவிடுவீர்கள்!